எச்-1பி ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை வந்து திரும்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எச்-1பி என்ற தற்காலிகப் பணித் தகுதியில் வேலை பார்ப்பவர்கள், கடவுச்சீட்டில் விசா பெறுவதற்காக (இதைத்தான் ஸ்டாம்பிங் என்கிறார்கள்) இரண்டு மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்து திரும்புவது நெடுநாள் வழக்கம். 2025ஆம் ஆண்டின் பிற்பாதியில் விதிகள் அடுத்தடுத்து மாறிவிட்டதால் அந்த இரண்டு மூன்று வாரக் கணக்கை இனி நம்ப முடியாது. கீழே உள்ள பதில்கள் 2025 டிசம்பர் வரை அறிவிக்கப்பட்ட விதிகளின் அடிப்படையில், சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பிப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

என் மனுவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, அமெரிக்காவில் வேலையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு விசா எதற்கு?

ஒப்புதலைத் தருவது ஒரு துறை, விசாவைத் தருவது வேறொரு துறை. நிறுவனம் போட்ட மனுவை ஆராய்ந்து, உங்களுக்கு எச்-1பி தகுதியை வழங்குவது யுஎஸ்சிஐஎஸ் என்ற குடிவரவு அமைப்பு. விசாவை வழங்குவது வெளியுறவுத் துறையின் கீழ் வரும் தூதரகங்கள். எஃப்-1 மாணவராக வந்து, படிப்பு முடித்து, அங்கிருந்தபடியே எச்-1பிக்கு மாறியவருக்கு ஐ-797ஏ என்ற ஒப்புதல் அறிவிப்பும் அதன் அடிப்பகுதியில் புதிய ஐ-94 சீட்டும் வரும். அந்த ஐ-94இல் குறிப்பிட்ட தேதி வரை அவர் சட்டப்படி தங்கலாம், வேலை பார்க்கலாம். கடவுச்சீட்டில் இருப்பது காலாவதியான மாணவர் விசாவாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

அமெரிக்காவை விட்டு வெளியே போய்விட்டு மறுபடி நுழைய வரும்போதுதான் விசா வேண்டியிருக்கிறது. ஆகவே பயணம் எதுவும் இல்லாதவருக்கு ஸ்டாம்பிங் கட்டாயம் இல்லை. "விசா முடிந்துவிட்டதே" என்ற பதற்றத்தில் மட்டும் விமானச் சீட்டு எடுப்பவர்கள், தங்களிடம் இருக்கும் பாதுகாப்பான நிலையைத் தாங்களே விட்டுக்கொடுத்து வெளியே வருகிறார்கள் என்பதே என் கருத்து. திருமணம், பெற்றோரின் உடல்நிலை போன்ற காரணங்களால் எப்படியும் வந்தாக வேண்டியவர்கள் அந்தப் பயணத்தில் ஸ்டாம்பிங்கையும் முடித்துக்கொள்வது வேறு விஷயம்.

அமெரிக்காவுக்குள்ளேயே விசாவைப் புதுப்பித்துக்கொள்ள வழி இல்லையா?

முன்பு இருந்தது. 2004 ஜூலை வரை எச்-1பி உள்ளிட்ட சில விசாக்களைக் கடவுச்சீட்டைத் தபாலில் அனுப்பி அமெரிக்காவுக்குள்ளேயே புதுப்பிக்க முடிந்தது. விண்ணப்பதாரரின் கைரேகை கட்டாயமானபோது அந்த ஏற்பாடு நின்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரி இறுதியில், 20,000 பேருக்கு மட்டும் என்ற வரம்போடு ஒரு சோதனைத் திட்டம் நடந்தது. அதிலும் இந்தியாவிலோ கனடாவிலோ குறிப்பிட்ட காலத்துக்குள் முந்தைய எச்-1பி விசா பெற்றவர்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடிந்தது. சோதனை முடிந்ததோடு சரி. அது நிரந்தர ஏற்பாடாக மாறவில்லை.

இந்தியாவுக்கு வராமல் கனடாவிலோ மெக்சிகோவிலோ ஸ்டாம்பிங் முடித்துக்கொள்ளலாமா?

பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. டொராண்டோ, வான்கூவர் என்றும் எல்லையைத் தாண்டி டிஹுவானா என்றும் போய், ஒரு வாரத்தில் திரும்பியவர்கள் ஏராளம். 2025 செப்டம்பர் 6 அன்று வெளியுறவுத் துறை வெளியிட்ட அறிவிப்பு அந்த வழியை ஏறத்தாழ அடைத்துவிட்டது. குடிவரவல்லாத விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தாங்கள் குடியுரிமை பெற்ற நாட்டிலோ, வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அந்த அறிவிப்பு. கனடாவில் முறையாகக் குடியிருப்பவர் அதற்கான சான்றுடன் அங்கே விண்ணப்பிக்கலாம். நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு டொராண்டோவில் பதிவு செய்பவர் மறுப்பை எதிர்பார்க்க வேண்டும், அவர் கட்டிய கட்டணமும் திரும்பாது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு விதி உண்டு. விசா காலாவதியாகியிருந்தாலும், ஐ-94 செல்லுபடியில் இருப்பவர் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் 30 நாட்களுக்கு மிகாமல் போய்வந்தால், புதிய விசா இல்லாமலே மீண்டும் நுழையலாம். மாணவர் விசாவில் வந்து எச்-1பிக்கு மாறியவருக்கும் இது பொருந்தும். ஆனால் அந்தப் பயணத்தின்போது புதிய விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்தச் சலுகை இல்லை. நயாகராவைக் கனடாப் பக்கத்திலிருந்து பார்க்க நினைப்பவருக்கு இது உதவும். அதற்குக் கனடாவின் விசா தனியாக வேண்டும்.

ட்ராப்பாக்ஸ் இன்னும் இருக்கிறதா?

எச்-1பிக்கு இல்லை. நேர்காணல் இல்லாமல் ஆவணங்களை மட்டும் ஒப்படைக்கும் அந்தச் சலுகை கோவிட் காலத்தில் விரிவுபடுத்தப்பட்டு, பின்பு படிப்படியாகச் சுருக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 2 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்களும், அவர்களுடைய கணவர் அல்லது மனைவி, குழந்தைகளுக்கான எச்-4 விசாவுக்கு விண்ணப்பிப்பவர்களும் பொதுவாக நேரில் வரவேண்டும் என்றாகிவிட்டது. முன்பு 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருந்த விலக்கும் போய்விட்டது.

எந்தச் சூழ்நிலையில் பயணம் செய்யவே கூடாது?

மாணவர் தகுதியிலிருந்து எச்-1பிக்கு மாற்றும் கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கும்போது வெளியேறவே கூடாது. வெளியேறினால் தகுதி மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கருதப்படும். மனுவுக்கு ஒப்புதல் கிடைத்தாலும், வெளிநாட்டில் விசா பெற்று நுழைய வேண்டியவர் என்ற வகையில்தான் கிடைக்கும்.

முன்பெல்லாம் இதனால் விளைந்தது சில மாதத் தாமதம் மட்டுமே. 2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பிரகடனத்துக்குப் பிறகு இதன் விலை மிகவும் உயர்ந்துவிட்டது. அந்த மாதம் 21ஆம் தேதி முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடப்படும் புதிய எச்-1பி மனுக்களுக்கு நிறுவனம் ஒரு லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்கிறது அது. பிரகடனத்தின் காலம், நீட்டிக்கப்படாவிட்டால், 12 மாதங்கள். யுஎஸ்சிஐஎஸ் அக்டோபர் 20 அன்று தந்த விளக்கப்படி, நாட்டுக்குள் இருந்தபடியே தகுதி மாற்றமோ நீட்டிப்போ கோரி ஒப்புதல் பெற்றவர்களுக்கு இந்தத் தொகை இல்லை. அப்படி ஒப்புதல் பெற்றவர் பின்னர் வெளியே வந்து அதே மனுவின் பேரில் விசா கேட்டாலும் இல்லை. ஆனால் முடிவு வருவதற்கு முன்பே வெளியேறிவிட்டதால் தகுதி மாற்றத்தை இழந்தவருக்கு அந்தத் தொகை பொருந்தும். மாணவராக இருந்து எச்-1பிக்குக் காத்திருக்கும் ஒருவர், அக்காவின் திருமணத்துக்காகப் பத்து நாள் வந்துபோக நினைத்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஐ-797ஏ கைக்கு வந்துவிட்டதா என்பதுதான்.

நீட்டிப்பு மனு நிலுவையில் உள்ளவர்களும் ஒப்புதல் வரும்வரை பொறுத்திருப்பதே நல்லது. கூடுதல் கட்டணம் செலுத்தி விரைவு முடிவு கேட்கும் வசதி இருக்கிறது. அதைப் பற்றி நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் பயணத் தேதியைக் குறிப்பது நல்லது.

மதுபோதையில் வாகனம் ஓட்டியதாக ஒரு வழக்கு இருந்தது, அது தள்ளுபடியாகிவிட்டது. சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். கைதானதுண்டா என்றுதான் விண்ணப்பம் கேட்கிறது. தண்டனை பெற்றீர்களா என்பது மட்டுமல்ல கேள்வி. கடந்த ஐந்தாண்டுகளுக்குள் அப்படி ஒரு கைது இருந்தால், தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம், அதற்கும் நாட்கள் பிடிக்கும். நீதிமன்ற ஆவணங்களின் சான்றிட்ட நகல்களை அமெரிக்காவிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு டெக்சாஸ் நீதிமன்றத்திலிருந்து வரவழைப்பது பெரும்பாடு.

நேர்காணலுக்கான ஸ்லாட் பெறுவது எப்படி?

டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பத்தை நிரப்பி, 205 டாலர் விசாக் கட்டணத்தைச் செலுத்திய பிறகு இணையத்தில் இரண்டு தேதிகளைப் பதிவு செய்ய வேண்டும். ஒன்று விசா விண்ணப்ப மையத்தில் புகைப்படமும் கைரேகையும் எடுப்பதற்கு, மற்றொன்று துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு. சென்னையில் கிடைக்காவிட்டால் ஐதராபாத், மும்பை, கொல்கத்தா, டெல்லி ஆகிய இடங்களிலும் பார்க்கலாம். தமிழ்நாட்டு முகவரி உள்ளவர் சென்னையில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பணம் வாங்கிக்கொண்டு ஸ்லாட் பிடித்துத் தருவதாகச் சொல்லும் முகவர்களிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். தானியங்கி நிரல்கள் மூலம் பதிவு செய்யப்பட்ட சுமார் 2,000 நேர்காணல் தேதிகளை 2025 மார்ச்சில் அமெரிக்கத் தூதரகம் ரத்து செய்தது, சம்பந்தப்பட்ட கணக்குகளையும் முடக்கியது. முகவருக்குப் பணம் போனாலும் போகட்டும், உங்கள் கணக்கு முடங்கினால் பயணமே கெட்டுவிடும்.

மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினரின் மரணம் போன்ற காரணங்களுக்காகத் தேதியை முன்னே கொண்டுவரக் கோரலாம். அதற்கு முன் கட்டணம் செலுத்தி, கிடைக்கும் ஏதேனும் ஒரு தேதியைப் பதிவு செய்திருக்க வேண்டும். விடுப்பு முடிகிறது என்பதை அவசரமாக ஏற்கமாட்டார்கள்.

டிஎஸ்-160இல் நம்மவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்?

பெயரில்தான். அப்பா பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கமும், குடும்பப் பெயர் கேட்கும் அவர்களுடைய படிவமும் ஒத்துப்போவதில்லை. கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ, அதை அப்படியே படிவத்தில் இடுவதுதான் விதி. குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்து, முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்தால், அந்தப் பெயர் குடும்பப் பெயராகப் போய், முதற்பெயர் இடத்தில் எஃப்என்யு (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து விழும். விசாவிலும் அப்படியே வரும், அதைப் பார்த்து ஓட்டுநர் உரிமத்திலும் ஏறும். பிறகு வங்கியிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் அந்த எஃப்என்யுவின் பெயருக்கே வரும். இதைத் தவிர்க்க ஒரே வழி, விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கடவுச்சீட்டில் பெயரை இரண்டு கட்டங்களாகப் பிரித்து மாற்றிக்கொள்வது. அப்படி மாற்றினால் நிறுவனத்தின் மனு, ஐ-797 ஆகியவற்றில் உள்ள பெயரோடும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டாம்பிங்குக்கு ஒரு மாதம் இருக்கும்போது தொடங்குகிற வேலை அல்ல அது.

அடுத்தது சமூக ஊடகம். கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய கணக்குப் பெயர்களை 2019 முதலே படிவம் கேட்கிறது. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்கள் எல்லோருடைய இணைய நடமாட்டத்தையும் ஆராய்வதாக வெளியுறவுத் துறை அறிவித்து, கணக்குகளை அனைவரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறது. லிங்க்ட்இன் பக்கத்தில் எழுதியிருக்கும் பதவியும் தேதிகளும் மனுவில் உள்ளவற்றோடு முரண்படாமல் இருக்கட்டும். பழைய கணக்கை மறைப்பதைவிட அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

நேர்காணல் பதிவில் உள்ள டிஎஸ்-160 எண்ணும் கையில் கொண்டுபோகும் உறுதிச்சீட்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். திருத்தம் செய்து புதிய படிவம் போட்டவர்கள் இதில்தான் வாசலோடு திரும்பி வருகிறார்கள்.

என்னென்ன ஆவணங்கள் கொண்டுபோக வேண்டும்?

செல்லுபடியான கடவுச்சீட்டு, பழைய விசாக்கள் உள்ள கடவுச்சீட்டுகள், டிஎஸ்-160 உறுதிச்சீட்டு, நேர்காணல் பதிவுத் தாள், ஐ-797, மனுவின் நகல், தொழிலாளர் துறை ஏற்ற எல்சிஏ (சம்பளமும் பணி நிலைமையும் குறித்து நிறுவனம் தரும் உறுதிமொழி), நிறுவனத்தின் பணிச்சான்றுக் கடிதம், அண்மைச் சம்பளச் சீட்டுகள், டபிள்யூ-2 வரிப் படிவங்கள், பட்டச் சான்றிதழ்கள். ஆலோசனை நிறுவனம் மூலம் வேறொரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு அந்த வாடிக்கை நிறுவனத்தின் கடிதம் எல்லாவற்றையும்விட முக்கியம். அதைப் பெறுவதுதான் கடினமும் கூட. கிளம்புவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கைப்பேசியையும் மடிக்கணினியையும் துணைத் தூதரகத்துக்குள் அனுமதிப்பதில்லை. அண்ணா மேம்பாலத்தின் அருகே வந்து இறங்கிய பிறகு கைப்பேசியை எங்கே வைப்பது என்று திண்டாடாமல், வீட்டிலேயே விட்டுவிட்டோ துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டோ வாருங்கள்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்? ஊருக்குத் திரும்புவேன் என்று நிரூபிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. சுற்றுலா விசாவுக்கும் மாணவர் விசாவுக்கும் பெரும்பாலான மறுப்புகளுக்குக் காரணமான 214(பி) பிரிவின் அந்த எதிர்பார்ப்பிலிருந்து எச்-1பிக்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருப்பதும் குறையாகாது. கேட்டால் மறைக்காமல் சொல்லலாம். நிலப் பத்திரம், வங்கி இருப்பு என்று கோப்பைப் பெருக்க வேண்டாம்.

அதிகாரி அறிய விரும்புவது இவ்வளவுதான்: இந்த வேலை உண்மையானதா, அதற்கு இந்தப் படிப்பு தேவையா, மனுவில் சொன்ன சம்பளம் கிடைக்கிறதா, சொன்ன இடத்தில்தான் வேலை பார்க்கிறீர்களா. நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்களே நடக்கும். உங்கள் வேலையை உங்கள் துறை அறியாத ஒருவருக்கு நான்கு வாக்கியங்களில் விளக்கத் தெரிந்தால் போதும். மென்பொருள் சொற்களாக அடுக்கினால் அவர் மேலும் தோண்டுவார். தமிழிலேயே பேசவும் வாய்ப்புண்டு, ஆனால் எச்-1பிக்கு ஆங்கிலத்தில் பேசுவதே இயல்பாக எதிர்பார்க்கப்படுகிறது.

221(ஜி) என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டார்கள். விசா மறுக்கப்பட்டதா?

சட்டத்தின் மொழியில் அது மறுப்புதான். நடைமுறையில் பெரும்பாலும், "இன்னும் முடிவெடுக்கப் போதிய தகவல் இல்லை" என்று பொருள். இரண்டு வகையாக இது வரும். ஏதேனும் ஓர் ஆவணம் கேட்டிருந்தால், அதை ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்; தவறினால் புதிதாக விண்ணப்பித்துக் கட்டணமும் கட்ட வேண்டும். நிர்வாகப் பரிசீலனை என்று குறித்திருந்தால் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை, காத்திருக்க வேண்டும். குறைகடத்தி, விண்வெளி, அணு, உயிர்த் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் ஆய்வு செய்பவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். அவர்கள் தங்கள் ஆய்வைப் பற்றிய சுருக்கத்தையும் வெளியீடுகளின் பட்டியலையும் கையோடு வைத்திருப்பது நல்லது.

இணையத்தில் நிலையைப் பார்க்கும்போது மறுக்கப்பட்டது என்று காட்டும். பரிசீலனையில் உள்ள விண்ணப்பங்களுக்கும் அந்தச் சொல்தான் வருகிறது என்பதை அறியாமல் பலர் இரவெல்லாம் தூங்காமல் இருக்கிறார்கள். பரிசீலனை சில நாட்களிலும் முடியலாம், சில மாதங்களும் ஆகலாம்.

அப்படியென்றால் எத்தனை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வர வேண்டும்?

எல்லாம் சரியாக நடந்தால், கைரேகை, நேர்காணல், கடவுச்சீட்டு திரும்பிவருவது என்று இரண்டு வாரத்துக்குள் முடியும். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் நம்பி வந்தவர்கள் 2025 டிசம்பரில் என்ன ஆனார்கள் என்று பார்க்க வேண்டும். இணைய நடமாட்ட ஆய்வு தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, டிசம்பர் நடுவிலிருந்து இருந்த நேர்காணல்களை இந்தியா முழுவதும் மொத்தமாகத் தள்ளிவைத்தார்கள். பலருக்கு 2026 மார்ச்சிலும் அதற்குப் பிறகும் புதிய தேதி விழுந்தது. பழைய தேதியில் வந்தால் உள்ளேயே விடமாட்டோம் என்றும் தூதரகம் அறிவித்தது. அதற்குள் விமானம் ஏறி ஊருக்கு வந்துவிட்டவர்களின் பழைய விசா காலாவதியாகியிருந்ததால் திரும்பவும் வழியில்லை. 2020இலும் இதே கதைதான். மார்ச்சில் தூதரகங்கள் வழக்கமான விசாப் பணிகளை நிறுத்தின, ஜூனில் வந்த பிரகடனம் புதிய எச்-1பி நுழைவுகளைத் தடுத்தது, 2021 மார்ச் இறுதி வரை அது நீடித்தது.

ஆகவே விடுப்பைவிட முக்கியம், மூன்று நான்கு மாதம் இங்கே தங்க நேர்ந்தால் என்ன செய்வது என்ற ஏற்பாடு. இந்தியாவிலிருந்து வேலை பார்க்க நிறுவனம் அனுமதிக்குமா, அனுமதித்தால் எத்தனை வாரம், மடிக்கணினியை வெளிநாட்டுக்கு எடுத்துவரத் தடை உண்டா, இந்திய வருமான வரி எப்போது தொடங்கும் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மேலாளர் வாய்மொழியாகச் சொல்வது போதாது. அவர் நல்லவராகவே இருந்தாலும் நிறுவனத்தின் சட்டப் பிரிவு வேறு சொல்லக்கூடும். வீட்டு வாடகை, கார் கடன், குழந்தையின் பள்ளி ஆகியவற்றையும் இந்தக் கண்கொண்டே பாருங்கள். இந்த ஏற்பாடு எதுவும் சாத்தியமில்லை என்றால் ஸ்டாம்பிங் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் சரி.

சிறு ஆறுதல் ஒன்று உண்டு. நாட்டுக்கு வெளியே கழிந்த நாட்கள் எச்-1பியின் ஆறாண்டு வரம்பில் சேராது. அடுத்த நீட்டிப்பின்போது பயணச் சான்றுகளைக் காட்டி அவற்றைத் திரும்பப் பெறலாம்.

மனைவியும் குழந்தையும் உடன் வருகிறார்கள். எச்-4க்குத் தனியாக வர வேண்டுமா?

ஒரே நேர்காணலுக்குச் சேர்ந்தே பதிவு செய்யலாம். ஒவ்வொருவருக்கும் தனி டிஎஸ்-160, தனிக் கட்டணம். திருமணப் பதிவுச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் மூலத்தைக் கொண்டுவாருங்கள். அழைப்பிதழும் கோயில் ரசீதும் பதிவுச் சான்றுக்கு ஈடாகா. அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு அமெரிக்க விசா தேவையில்லை.

பழைய நிறுவனத்தின் பெயர் அச்சான விசா இன்னும் செல்லுபடியில் இருக்கிறது. வேலை மாறிவிட்டேன், மறுபடி ஸ்டாம்பிங் வேண்டுமா?

வேண்டாம். தேதி முடியாத அந்த விசாவையும், புதிய நிறுவனத்தின் ஐ-797ஐயும் சேர்த்துக் காட்டி நுழையலாம்.

விசா கைக்கு வந்துவிட்டது. திரும்பும்போது கவனிக்க வேண்டியவை எவை?

கடவுச்சீட்டு வந்த அன்றே விசாவில் உள்ள பெயர், பிறந்த தேதி, நிறுவனத்தின் பெயர், மனு எண், முடிவுத் தேதி ஆகியவற்றைச் சரிபாருங்கள். பிழை இருந்தால் இங்கிருக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது.

விசா இருந்தாலும் உள்ளே விடுவதும் எத்தனை நாள் என்று தீர்மானிப்பதும் விமான நிலையத்திலுள்ள எல்லை அதிகாரியின் பொறுப்பு. ஐ-797இன் மூலத்தையும் அண்மைச் சம்பளச் சீட்டுகளையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். மனு தொடங்கும் தேதிக்குப் பத்து நாட்களுக்கு மேல் முன்னதாக நுழைய முடியாது.

வீடு சேர்ந்த கையோடு இணையத்தில் புதிய ஐ-94ஐ எடுத்துப் பாருங்கள். கடவுச்சீட்டு மனுவுக்கு முன்பே காலாவதியாவதாக இருந்தால், அதிகாரி கடவுச்சீட்டின் தேதி வரை மட்டுமே அனுமதி தரக்கூடும். மனு 2028 வரை இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவரின் ஐ-94 அதற்கு ஓராண்டு முன்பே முடிந்துவிடலாம். அதைக் கவனிக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தால் தகுதி மீறலாகும். கடவுச்சீட்டை முன்கூட்டியே புதுப்பித்துக்கொண்டு பயணம் செய்வது இதைத் தவிர்க்கும். அப்படிச் செய்யாமல் குறைந்த தேதி விழுந்துவிட்டால், அந்தத் தேதிக்கு முன் நிறுவனம் நீட்டிப்பு மனு போட வேண்டும், அல்லது புதிய கடவுச்சீட்டுடன் மறுபடி ஒருமுறை வெளியே போய்வர வேண்டும். அதிகாரியின் தட்டச்சுப் பிழையால் தேதி தவறியிருந்தால், விமான நிலையங்களில் இயங்கும் எல்லைத் துறையின் திருத்தப் பிரிவை அணுகினால் சரிசெய்து தருவார்கள்.